டிபி மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால் ரத்தம் ஏன் கசியலாம்? மெட்ராஸில் தொடங்கும் ஒரு வரலாறு

1/
இன்னைக்குக் கொஞ்சம் பெரிய த்ரெட். பொறுமையா படிங்க. உங்க வீட்லயோ தெருவுலயோ டிபி மாத்திரை சாப்பிடுறவங்க யாராவது இருந்தா அவசியம் படிங்க.

2/
ஐப்பசி மழை. ராத்திரி டியூட்டி. நசரத்பேட்டையில் பெங்களூர் ஹைவேயும் அவுட்டர் ரிங் ரோடும் சந்திக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு குடோன்ல லோடு ஏத்தி இறக்கும் வேலை பார்ப்பவர். வயசு நாற்பதுக்குள்ள. (அடையாளங்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன்.) மனைவி கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க. குளிர் ஜுரம், ஈறுல ரத்தம், ரெண்டு கால்லயும் கடுகு தெளிச்ச மாதிரி சிவப்புப் புள்ளிகள். விரலால அழுத்தினா மறையல. பிளேட்லெட் 11 ஆயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்க வேண்டியது.

3/
மழைக்காலம், காய்ச்சல், பிளேட்லெட் குறைவு. சென்னையில் ஆட்டோக்காரரைக் கேட்டாக்கூட "டெங்கு"ன்னு சொல்லிடுவார். வீட்ல ரெண்டு வேளை பப்பாளி இலைச்சாறு குடுத்தாச்சு. நாங்களும் முதல்ல அதையேதான் நினைச்சோம். ஆனா டெங்கு டெஸ்ட் நெகட்டிவ்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"
"இல்ல சார்."
பின்னாடி நின்ன மனைவி மெதுவா சொன்னாங்க: "டிபி மாத்திரை போடுறாரே சார். நடுவுல விட்டுட்டாரு. இருமல் திரும்ப வந்துச்சுன்னு மிச்சம் இருந்த அட்டையை எடுத்து முந்தாநாள்ல இருந்து போடுறாரு."

4/
ரெண்டு மாசம் ஒழுங்கா சாப்பிட்டிருக்கார். இருமல் நின்னு, உடம்பு தேறி, சொந்த ஊருக்குப் போயிருக்கார். அஞ்சாறு வாரம் மாத்திரை இல்லை. திரும்பி வந்து தானாகவே ஆரம்பிச்சார். முதல் நாள் மாத்திரை போட்ட ரெண்டு மணி நேரத்துல குளிர் நடுக்கம். மறுநாள் போட்டப்போ சாயங்காலத்துக்குள்ள ஈறுல ரத்தம்.

இதுக்குக் காரணம் அந்த அட்டையில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக். இப்படி நடப்பது மிக அரிது. ஆனா யாருக்கு, எப்போ நடக்கும் என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கு. அந்த ஒழுங்கை உலகம் கண்டுபிடிச்ச கதையில் நம்ம மெட்ராஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

5/
1956. மெட்ராஸ் சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்குது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாலும் சேர்ந்து தொடங்கியது. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். இன்னைக்கு அதே இடம்தான் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

6/
அந்தக் காலத்தில் டிபின்னா சானடோரியம். நல்ல காத்து, முட்டை, பால், மாசக்கணக்கில் படுக்கை. தாம்பரம் சானடோரியத்தை டாக்டர் சவுரி முத்து 1928ல் தொடங்கியதும் அந்த நம்பிக்கையில்தான். ஆனா நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு முன்னாடி படுக்கைகள் ஒரு மூலைக்குக்கூட போதாது.

மெட்ராஸ் மையம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: ஒண்டுக்குடித்தன வீட்டிலேயே, அரைவயித்துச் சாப்பாட்டிலேயே, மாத்திரை மட்டும் ஒழுங்கா சாப்பிட்டா குணமாகாதா?

7/
193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் வீட்டில். ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். முடிவு 1959ல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானாங்க. வீட்டில் கூட இருந்தவங்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதுக்கு இந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம்.

8/
ஆனா அடுத்த சிக்கல் உடனே வந்தது. வீட்டில் இருப்பவர் தினமும் மாத்திரை சாப்பிடுறார்னு யார் பார்ப்பது? மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினாங்க, சிறுநீரைச் சோதிச்சாங்க. கணிசமானவங்க ஒழுங்கா சாப்பிடலைன்னு தெரிஞ்சது. அவங்களைக் குறை சொல்ல முடியாது. அன்னைக்கு இருந்த பி.ஏ.எஸ். என்ற மருந்தை தினமும் கை நிறைய விழுங்கணும், வயித்தைப் புரட்டும்.

9/
அதனால ஒரு புது யோசனை. தினமும் வேண்டாம். வாரத்துக்கு ரெண்டே நாள், அளவைக் கூட்டி, ஊழியர் கண் முன்னாடி குடுத்தா? ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோனியாசிடும் வாரம் ரெண்டு முறை குடுத்துப் பார்த்தாங்க. 1964ல் முடிவு வந்தது. தினசரி மாத்திரைக்குக் கொஞ்சமும் குறையல.

காரணமும் ஆய்வகத்தில் கிடைச்சது. டிபி கிருமி ரொம்ப மெதுவா வளரும். ஒரு நாள் மருந்து பட்டா அதுக்கப்புறம் சில நாள் அசையாம கிடக்கும். அது எழுந்திருக்கறதுக்குள்ள அடுத்த டோஸ் குடுத்தா போதும்.

10/
இங்கே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. "இடைவெளி விட்டாலும் பரவாயில்லை" என்பது கிருமியைப் பார்த்து எடுத்த முடிவு. மருந்தை வாங்கிக்கிற மனுஷ உடம்பு அந்த இடைவெளியை எப்படிப் பார்க்கும்? ஐசோனியாசிடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் அந்தக் கேள்வி பெருசா எழல. அடுத்து வந்த மருந்து அதைக் கேட்க வச்சது.

11/
1957. பிரான்ஸின் தென்கடற்கரையில் சான் ரஃபேல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பைன் காட்டு மண். அதை இத்தாலியின் மிலன் நகரில் லெப்பெட்டிட் நிறுவன ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தப்போ கிருமியைக் கொல்லும் ஒரு பொருள் கிடைச்சது. பியெரோ சென்சி தலைமையிலான குழு, அப்போ ஓடிக்கிட்டிருந்த "ரிஃபிஃபி" என்ற பிரெஞ்சு திருட்டுப் படத்தின் பெயரை விளையாட்டா அதுக்கு வச்சாங்க. அதுதான் ரிஃபாமைசின். வாய்வழி சாப்பிடக்கூடிய வடிவம் 1965ல் உருவானது. அதுதான் ரிஃபாம்பிசின்.

12/
ரிஃபாம்பிசின் டிபி சிகிச்சையையே புரட்டிப் போட்டது. ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம்னு இழுத்த சிகிச்சை பின்னாடி ஆறு மாசத்துக்கு வந்ததுக்கு இதுவும் பைராசினமைடும்தான் காரணம். ஆனா 1970 வாக்கில் இதன் விலை ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகல. அதனால மெட்ராஸ் நிரூபிச்ச வழி எல்லாருக்கும் ஞாபகம் வந்தது: தினமும் வேண்டாம், வாரம் ஒண்ணு ரெண்டு முறை பெரிய டோஸா குடுக்கலாமே! செலவும் மிச்சம், கண்காணிப்பும் சுலபம்.

13/
சோதனைகள் தொடங்கின. சில இடங்களில் ஒரே வேளைக்கு 900, 1,200 மி.கி., அதுக்கு மேலயும் குடுத்தாங்க. இன்னைக்கு நாம குடுப்பது தினம் 450 அல்லது 600 மி.கி. அளவில்தான்.

கிருமி செத்தது. ஆனா நோயாளிகள் விசித்திரமா ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சாங்க. மாத்திரை போடுற நாள்ல மட்டும், போட்ட ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல குளிர், காய்ச்சல், உடம்பு வலி. ராத்திரிக்குள்ள சரியாயிடும். அடுத்த மாத்திரை நாள்ல மறுபடியும். "ஃப்ளூ மாதிரி"ன்னு அதுக்குப் பேர் வச்சாங்க. அவங்கள்ல சிலருக்கு மட்டும் தோல்ல சிவப்புப் புள்ளி, ரத்தக்கசிவு.

14/
1970ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லண்டன் மருத்துவர்களின் கட்டுரை ஒண்ணு வந்தது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டு பிளேட்லெட் விழுந்தவரின் ரத்தத்தில் ஒரு ஆன்டிபாடி இருக்கு. அது சும்மா இருக்கும்போது பிளேட்லெட்டைத் தொடாது. ரிஃபாம்பிசின் பக்கத்துல இருந்தா மட்டும் பிளேட்லெட் மேல பாயும். அடுத்த வருஷமே, வாரம் ரெண்டு முறை பெரிய டோஸ் குடுப்பதில் வரும் ஆபத்துகளைப் பற்றி அதே இதழில் இன்னொரு எச்சரிக்கை.

15/
மருந்து இப்படிச் செய்யும் என்பது மருத்துவத்துக்குப் புதுசு இல்லை. மலேரியாவுக்கான குயினைன் சாப்பிட்டவங்களுக்குத் தோலில் ரத்தப் புள்ளி வருதுன்னு விபன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1865லேயே எழுதிட்டார். நம்ம நீலகிரியில் குயினைனுக்காக சிங்கோனா மரம் வச்சதும் அதே 1860களில்தான். ரிஃபாம்பிசின் விஷயத்தில் புதுசு என்னன்னா, ஆபத்து இடைவெளியோட சேர்ந்து வந்தது.

16/
அதைத் தெளிவாக்கியது ஹாங்காங். அங்கே ரட்டன்ஜி சானடோரியம்னு ஒண்ணு. ஜெஹாங்கீர் ரட்டன்ஜி என்ற பார்சி வணிகர், டிபியில் இறந்த மகள் நினைவாகக் கட்டியது. அங்கே வேலை பார்த்த அயர்லாந்துக் கன்னியாஸ்திரி மருத்துவர் சிஸ்டர் மேரி அக்குவினாஸும் குழுவினரும் தினசரி, வாரம் இருமுறை, வாரம் ஒருமுறை என்று ஒப்பிட்டு 1972ல் எழுதினாங்க.

தினமும் சாப்பிட்டவங்களுக்கு இந்தத் தொந்தரவு அரிது. வாரம் ரெண்டு முறைன்னா கூடுதல். வாரம் ஒரு முறைன்னா அதைவிடக் கூடுதல். டோஸ் பெருசானா இன்னும் அதிகம்.

17/
யோசிச்சுப் பாருங்க. குறைவா சாப்பிட்டவங்களுக்குப் பக்கவிளைவு அதிகம்! நாம சாதாரணமா நினைக்கறதுக்கு நேர் எதிர்.

மருத்துவ நூல்கள் தரும் விளக்கம் இது. தினமும் மருந்து உள்ளே போய்க்கிட்டே இருந்தா உடம்பு அதுக்குப் பழகிடும். உருவாகும் கொஞ்ச நஞ்ச ஆன்டிபாடியும் அப்பப்போ தீர்ந்துடும். நடுவுல விட்டா ஆன்டிபாடி சேர்ந்துக்கிட்டே போகும். அடுத்த மாத்திரை வரும்போது மொத்தமா பாயும். கிருமி பொறுத்துக்கிட்ட இடைவெளியை நம்ம ரத்தம் பொறுத்துக்கல.

18/
இந்த அனுபவங்களையெல்லாம் சேர்த்து 1970களின் முடிவுக்குள்ள ஒரு விதி உறுதியாச்சு. இன்னைக்கும் நாங்க அதைத்தான் கடைபிடிக்கிறோம். வெறும் காய்ச்சல், உடம்பு வலின்னா ரிஃபாம்பிசினை தினசரிக்கு மாத்தினா பெரும்பாலும் சரியாயிடும். ஆனா பிளேட்லெட் விழுந்து ரத்தக்கசிவு வந்தாலோ, ரத்தச் சிவப்பணு உடைந்தாலோ, சிறுநீரகம் நின்னாலோ, ரிஃபாம்பிசினை உடனே நிறுத்தணும். அந்த நோயாளிக்கு வாழ்நாளில் திரும்பத் தரக்கூடாது.

19/
சரி, இந்தியா என்ன செய்தது? 1990களில் வந்த டாட்ஸ் திட்டத்தில் வாரம் மூன்று நாள் முறையை எடுத்துக்கிட்டோம். திங்கள், புதன், வெள்ளின்னு ஊழியர் முன்னாடி சாப்பிடணும். டோஸையும் தாறுமாறா ஏத்தல. பழைய பாடம் அதுல இருந்தது. வாரம் மூன்று முறைன்னா ரத்தக்கசிவு அரிதாத்தான் இருந்தது.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில் 1999ல் டாட்ஸ் தொடங்கி, வீடு வீடாப் போய்க் கணக்கெடுத்து, டிபி குறையுதுன்னு சேத்துப்பட்டு மையம் காட்டியது. லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாத்திய திட்டம் அது. அதைக் குறைச்சுப் பேசவே கூடாது.

20/
ஆனா வேற குறை இருந்தது. விட்டு விட்டுக் குடுக்கும்போது நோய் திரும்புவதும், கிருமி மருந்துக்கு மசியாம போவதும் கூடுதல்னு ஆதாரங்கள் சேர்ந்தன. இதில் அழகு என்னன்னா, 1964ல் "இடைவெளி விடலாம்"னு காட்டிய அதே சேத்துப்பட்டு நிறுவனம்தான், எச்.ஐ.வி.யும் டிபியும் சேர்ந்து இருப்பவர்களிடம் தினசரி சிகிச்சையே மேல் என்பதையும் சோதிச்சுப் பார்த்து 2018ல் வெளியிட்டது. தன் பழைய முடிவைத் தானே மறுபடி பரிசோதிப்பதுதான் அறிவியல்.

21/
அதுக்கு முன்னாடியே, 2017 ஜனவரியில், ஒன்பது மாசத்துக்குள்ள தினசரி முறைக்கு மாறச் சொல்லி உச்ச நீதிமன்றம் அரசிடம் கூறியது. அந்த ஆண்டு இறுதியிலேயே நாடு முழுக்க தினசரி மாத்திரை வந்தது. இன்னைக்கு அரசு மருத்துவமனையில் உங்களுக்கு இலவசமா கிடைப்பது அதுதான். எடைக்கு ஏத்த எண்ணிக்கை, தினமும், குறைஞ்சது ஆறு மாசம்.

22/
இப்போ குடோன் தொழிலாளிக்கு வருவோம். அரசாங்கம் இடைவெளியை எடுத்துடுச்சு. அவர் அதைத் திரும்பக் கொண்டு வந்துட்டார். ஊருக்குப் போனேன், வேலை போச்சு, குடிச்சேன், உடம்பு நல்லாயிடுச்சு, பக்கத்து வீட்ல தெரிஞ்சிடும்னு வெட்கமா இருந்துச்சு. இப்படி விட்டுட்டு தானாகவே ஆரம்பிக்கிற ஒவ்வொருத்தரும் 1970ல் நடந்த அந்தச் சோதனையைத் தெரியாமலேயே தன் உடம்புல செஞ்சு பார்க்கிறாங்க. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. பக்கத்துல டாக்டர் இல்லை.

23/
அவரைப் பற்றிக் கேட்பீங்கன்னு தெரியும். மாத்திரையை நிறுத்தினோம். ரத்தம் கசிஞ்சதால பிளேட்லெட் ஏத்தினோம். மருந்து உடம்பை விட்டுப் போகப் போக நாலஞ்சு நாள்ல பிளேட்லெட் ஏறி லட்சத்தைத் தாண்டுச்சு. பிழைச்சிட்டார்.

ஆனா விலை இருக்கு. டிபிக்கு நம்மகிட்ட இருக்கும் சிறந்த மருந்தை அவர் இனிமே வாழ்நாளில் தொட முடியாது. மற்ற மருந்துகளை ஒண்ணொண்ணா கண்காணிச்சுத் தொடங்கி, ஆறு மாசத்தைவிட நீளமான சிகிச்சை. அஞ்சாறு வார இடைவெளி அவர்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டது அது.

24/
ஆன்டிபயாடிக்னாலே இப்படித்தானான்னு பயப்படாதீங்க. ஆன்டிபயாடிக்கால் ரத்தம் கசிவது பல வழியில் நடக்கலாம், எல்லாமே அரிது. ரிஃபாம்பிசின் மாதிரி ஆன்டிபாடி வழி ஒண்ணு. லினிசோலிட் மாதிரி நீண்ட நாள் குடுக்கும்போது எலும்பு மஜ்ஜையை அமுக்குவது இன்னொண்ணு. மருந்துக்கு மசியாத டிபிக்கான புதுச் சிகிச்சையில் அது இருப்பதால்தான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம், சலிச்சுக்காதீங்க. செஃபோபெராசோன் மாதிரி ஊசிகள் வைட்டமின் கே வேலையைக் கெடுப்பது மூணாவது. சாப்பிடாமல் கிடக்கும் நோயாளிக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க எந்த ஆன்டிபயாடிக் எழுதினாலும் அதை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

25/
டிபி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியது:

• சிறுநீர் ஆரஞ்சு நிறமா போறது ரத்தம் இல்லை. ரிஃபாம்பிசினின் நிறம். கண்ணீர், வியர்வைகூட அப்படி வரலாம். இதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்தாதீங்க.

• அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளி, அடிபடாமலே கன்னிப்போன தோல், ஈறு அல்லது மூக்கில் ரத்தம், கறுப்பு மலம், வழக்கத்துக்கு மேல மாதவிடாய் ரத்தம், கோலா நிறச் சிறுநீர். இதில் எது வந்தாலும் அடுத்த டோஸ் போடாமல் அன்னைக்கே மருத்துவமனைக்கு வாங்க.

• மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் ஒவ்வொரு தடவையும் குளிர் ஜுரம் வந்தால் சொல்லுங்க. அது முன்னறிவிப்பா இருக்கலாம்.

• ஒரு நாள் மறந்துட்டா பரவாயில்லை. அடுத்த நாள் வழக்கம்போல போடுங்க. ரெண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துப் போடாதீங்க.

• பல நாள் விட்டுட்டீங்களா? வீட்ல மிச்சம் இருக்கும் அட்டையைத் தொடாதீங்க. மருத்துவமனைக்கு வந்து, விட்டதைச் சொல்லிட்டு ஆரம்பிங்க.

• ஊருக்குப் போறீங்களா? முன்கூட்டியே சொல்லுங்க. மாத்திரையைக் கையில குடுத்தனுப்பவோ, அந்த ஊர்லயே வாங்கிக்கவோ ஏற்பாடு பண்ண முடியும்.

26/
என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சலும் பிளேட்லெட் குறைவும் வந்தா மழைக்காலத்தில் டெங்குன்னு கை தானா எழுதும். எழுதறதுக்கு முன்னாடி "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"ன்னு ஒரு தடவை, "நடுவுல விட்டீங்களா?"ன்னு இன்னொரு தடவை. நோயாளி "இல்ல"ன்னு சொன்னா கூட வந்தவங்களைக் கேளுங்க. விட்டதுக்குத் திட்டாதீங்க. திட்டினா அடுத்த தடவை சொல்ல மாட்டாங்க. அன்னைக்கு அந்த அம்மா பயந்துக்கிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருந்தா, மறுநாள் காலையில நாங்களே வார்டுல அந்த மாத்திரையைத் தொடர விட்டிருப்போம்.

27/
டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவர் சீட்டில் சிவப்பு மையில் பெருசா எழுதினோம்: "ரிஃபாம்பிசின் கூடாது." தமிழிலும் எழுதினோம். ஏன்னா நாளைக்கே தெருவில் யாருக்காவது தொழுநோய் வந்து, தடுப்புக்காக இதே மருந்தை ஒரு டோஸ் குடுக்க ஊழியர் வீட்டுக்கு வரலாம். அந்தச் சீட்டை அவர் மனைவி பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரேஷன் கார்டோட சேர்த்து வச்சிருக்காங்க.

போன வாரம் மாத்திரை வாங்க வந்தார். எடை கூடியிருக்கு. "ஒரு நாள்கூட விடல சார்"னு சொன்னார். நான் கேட்கவே இல்லை, அவரா சொன்னார்.

28/
ரிஃபாம்பிசின் இன்னைக்கும் உயிர் காக்கும் மருந்து. அதுக்குப் பயந்து டிபி மாத்திரையை விடுவதுதான் பெரிய ஆபத்து. தினமும் சாப்பிட்டா நண்பன். விட்டு விட்டுச் சாப்பிட்டா எப்போ திரும்பும்னு சொல்ல முடியாது.

தேவைப்படுறவங்களுக்கு அனுப்புங்க.

அன்புடன்,
ஓர் அரசு மருத்துவர், நசரத்பேட்டை